ஒரே கதவில் ஐந்து ஊர்கள்

“அக்கா, சூரியனை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. போதும், போதும்! அப்படியே நில்லுங்க. மூச்சு விட்டுடாதீங்க, மரம் சாஞ்சுடும்.”

சூரியன் என்பது என் கையில் இருக்கும் டார்ச் விளக்கு. மிட்டாய் சுற்றி வந்த மஞ்சள் தாளை அதன் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கிறார் எதிர்வீட்டுப் பல்லுக்காரர். உயர்த்திப் பிடித்தால் நண்பகல். மேஜை விளிம்புவரை இறக்கினால் விடியற்காலை. உத்தரவு போடுகிற அவர் சாப்பாட்டு மேஜைமேல் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை இறுக மூடி, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்படிப் பிடித்தால்தான் கேமராவின் கண் தண்டவாள மட்டத்துக்கு இறங்குமாம். அவர் மூக்குக்கு முன்னால் விரல் நீளப் பெட்டிகள் மூன்றை இழுத்துக்கொண்டு ஒரு எஞ்சின் நிற்கிறது. பிளாட்பாரத்தில் சுண்டுவிரல் நக உயரத்தில் ஒரு மனிதர் பையோடு காத்திருக்கிறார். அவருக்கும் மூச்சு விட அனுமதி இல்லை போலிருக்கிறது.

படம் எடுத்தாயிற்று. பல்லுக்காரர் நிமிர்ந்து, கைபேசித் திரையில் இரண்டு விரல்களை வைத்துப் படத்தை விரித்துப் பார்த்தார். கன்னத்தில் மேஜை விரிப்பின் பூ வேலைப்பாடு அச்சாகியிருந்தது.

“அய்யய்யோ, வானத்துல மடிப்பு!”

வானம் என்பது இரண்டு நாற்காலி முதுகுகளில் கட்டித் தொங்கவிட்ட நீலப் படுக்கை விரிப்பு. அவருடைய மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வானத்துக்கு இஸ்திரி போடுகிற வீடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு எதிர்வீட்டில் நான் குடியிருக்கிறேன்.

இவர் பல் பிடுங்குகிறவர் இல்லை, பல் செய்கிறவர். டாக்டர் வாய்க்குள் கையை விட்டு அளவு எடுத்து அனுப்புவார். இவர் அந்தக் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, மாவு குழைத்து, மயிரிழைத் தூரிகையால் நிறம் ஏற்றி ஒரு பல்லை உண்டாக்குவார். என் கீழ்க்கடைவாயில் இருப்பது அவர் செய்ததுதான். பக்கத்துப் பல்லின் காப்பிக் கறையைக்கூட இதிலும் லேசாகத் தீட்டிச் சேர்த்துவிட்டார். காசு கொடுத்துக் கறையா என்று நான் சண்டைக்குப் போனேன். “புதுசுன்னு தெரிஞ்சா அது பல்லு இல்லக்கா, விளம்பரம்” என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

அந்தப் பின்னறையில் மிஞ்சுவதெல்லாம் வீட்டுக்கு வந்து நிலவியலாக மாறிவிடும். பல் அச்சு எடுக்கிற மாவில் மலைகள். ஈறு செய்கிற இளஞ்சிவப்புக் குழம்பில், இன்னும் கொஞ்சம் செம்மண் நிறம் கலந்து, ஸ்டேஷன் கூரை ஓடுகள். அளவு தவறிப்போன பொய்ப்பற்களைச் சாம்பல் நிறம் அடித்து ஆற்றில் போட்டால் பாறைகள். ஊர்களுக்குப் பெயர் வைத்ததும் தொழில் வழியில்தான்: மேல்தாடை, கீழ்த்தாடை, ஈறுமேடு, சிங்கப்பல்லூர், கடைவாய் ஜங்ஷன். பெயர்ப்பலகையில் நேர்த்தியாக எழுதி நட்டுவைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிங்கப்பல்லூரில் எனக்கு ஒரு சித்தப்பா இருப்பதுபோல எனக்கே ஒரு நாள் தோன்றியது.

இந்த ஐந்து ஊர்களும் ஒரே ஊர் என்பதுதான் விஷயம்.

குளியலறைக்குப் புதுக் கதவு போட்டபோது கழற்றிய பழைய கதவு அது. அதன்மேல்தான் இவருடைய ரயில்வே முழுவதும். தாழ்ப்பாள் இருந்த பள்ளம் இப்போது குளம். வார நாட்களில் கதவு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைக்கு ஏறும். பெயர்ப்பலகையை மாற்றி, மரங்களைப் பிடுங்கி வேறு பக்கம் நட்டு, மலையைத் திருப்பிவைத்து, என்னை மேற்கே நிற்கச் சொன்னால் மேல்தாடை கீழ்த்தாடையாகிவிடும். “மத்தியானத்துக்கு மேல இந்த லைன்ல சாப்பாடு மட்டும்தான் ஓடும்” என்று மனைவி கறாராகச் சொல்லிவைத்திருக்கிறார். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். நடுங்குகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக இருப்பது அவருக்குத் தொழில், வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்.

படங்கள் போகிற இடம் கைபேசியில் ஒரு குழு. அதன் பெயர், ‘பொம்மைன்னு சொல்லாதீங்க’. இவரைப் போன்ற ரயில் பைத்தியங்கள் ஒரு கூட்டமே அதில் இருக்கிறது. யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது, தேவையும் இல்லை. இவர் ‘கார்டு’, ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிற கார்டு. மலைக்குள் ரயில் நுழைகிற படமாகவே போடுகிற ஒரு பஸ் டிரைவருக்குச் ‘சுரங்கம்’ என்று பெயர். பாராட்டுவதற்கு அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படம் நிஜம்போலவே இருந்தால் கீழே ‘ஏறிட்டேன்’ என்று எழுதுவார்கள். அதாவது, உன் ரயிலை நம்பி நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம். ஏதாவது இடித்தால் ‘பிளாட்பாரத்துலயே நிக்கிறேன்’ என்று எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். கடைவாய் ஜங்ஷன் படத்துக்குக் குழுவில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். அன்றைக்கு இவருக்குத் தலைகால் புரியவில்லை. கிளினிக்கில் ஒரு கிழவருக்குச் செய்த பல் செட்டில் ஒரு பல் கூடுதலாக வந்துவிட்டது.

யார் படத்திலும் ஏறாத ஒரு ஆள் அந்தக் குழுவில் உண்டு. ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். எல்லோரும் “பூதக்கண்ணாடி அண்ணே” என்று பயபக்தியோடு கூப்பிடுவார்கள். மூன்றாவது ஜன்னலில் தூசி, புகைபோக்கிக்குப் பின்னால் பசைத் துளி, நிழல் ஒரு பக்கம் விழ வெளிச்சம் இன்னொரு பக்கம் என்று ஒன்றுவிடாமல் பிடிப்பார். ஒருமுறை, “கார்டு, ஆத்துல ரெண்டாவது பாறை கடைவாய்ப்பல் மாதிரி இருக்கே. அரைக்கிற மேடு பள்ளமெல்லாம் தெரியுது. பிளாட்பாரத்துலயே நிக்கிறேன்” என்று எழுதினார். பல்லுக்காரர் கோபப்படவில்லை. கைபேசியோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். “பார்த்தீங்களாக்கா, கண்டுபிடிச்சுட்டாரு! என் பல்லைப் பல்லுன்னு கண்டுபிடிச்சுட்டாரு!” என்று கூடத்தில் ஒரு சுற்று சுற்றினார்.

இந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. குழுவில் எல்லோரும் இவரிடம் ஒரு பெரிய மாளிகை நிறைய ரயில்வே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் “எத்தனை ரூம்ல இருக்கு?” என்று கேட்டதற்கு, “இப்போதைக்கு ஒரு ரூம்தான்” என்று இவர் அடக்கமாகப் பதில் போட்டார். “உள்ளே போக வர வழி இருக்கா?” என்றதற்கு, “குனிஞ்சுதான் போகணும்” என்றார். கட்டிலுக்கு அடியில் வேறு எப்படிப் போவது?

“ஒரு பொய்கூடச் சொல்லலக்கா” என்பார்.

“உண்மையும் சொல்லலையே” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வியாழக்கிழமை சுரங்கம் குழுவில் ஒரு செய்தி போட்டார். ஒரு சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓய்வாம். “கார்டு வீட்டுக்கு நேர்ல வந்து அஞ்சு ஊரையும் சுத்திப் பார்க்கப் போறேன்.” அதற்குக் கீழே பூதக்கண்ணாடி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: “நானும்.”

பல்லுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் தனக்குக் கடுமையான பல்வலி என்று எழுதினார். வேறு வலியே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு! குழு முழுவதும் கைவைத்தியம் சொல்லிக் குவித்தது. “நாங்க வந்து பார்த்துக்கறோம் கார்டு, நீங்க படுத்துக்கிட்டே காட்டுங்க” என்று சுரங்கம் ஆறுதல் சொன்னார். அடுத்து, மனைவியின் அலங்காரக் கண்ணாடியையும் குளியலறைக் கண்ணாடியையும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்த்தார். ரயில்வே இரண்டு மடங்கு பெரிதானது உண்மைதான். ஆனால் மலைக்குப் பின்னாலிருந்து இவருடைய முகமே ஊரை விழுங்க வந்த அரக்கன்போல எட்டிப் பார்த்தது. இருக்கிற ஒரே ரயில் எதிரில் வருகிற தன்னையே மோதப் போவதைப் பார்த்து நான் அலறிவிட்டேன்.

“நீயாவது சொல்லேன், நான் ஊர்ல இல்லைன்னு” என்று மனைவியிடம் கெஞ்சினார்.

“தினமும் ஸ்கூல்ல சொல்றதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். எதிர்ல வண்டி வருதுன்னு கண்ணை மூடிக்காதீங்க. ஸ்டீயரிங்கைப் பிடிங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். “வந்து பார்த்துட்டு, ஏமாத்திட்டான்னு திட்டிட்டுப் போனாக்கூடப் பரவால்லக்கா. போய்ப் பழைய படத்தையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்ப்பாங்க இல்ல? இது அதே மரம், இது அதே மலைன்னு. ஏறினவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா இறங்கிடுவாங்க.” அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நக உயர ஊரில் அவர் எவ்வளவு தூரம் குடியேறியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி அடித்தபோது கதவைத் திறக்கப் போனது அவருடைய மனைவி. எனக்கு வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? டார்ச்சோடு முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு சுரங்கம் நின்றார், கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அவருக்குப் பின்னால் தடித்த மூக்குக்கண்ணாடியும் தோள்பையுமாக ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர்.

பல்லுக்காரர் அந்த அம்மாளைத் தாண்டி மாடிப்படியை எட்டிப் பார்த்தார். “பூதக்கண்ணாடி அண்ணன் வரலீங்களா?”

“அண்ணன் வந்தாச்சு. செருப்பை எங்க விடறது?” என்றார் அந்த அம்மாள்.

பல்லுக்காரர் இன்னொரு முறை மாடிப்படியை எட்டிப் பார்த்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணியில் குறை பார்த்துத் தள்ளுகிற வேலையாம் அந்த அம்மாளுக்கு. “முதல் நாளே யாரோ அண்ணேன்னாங்க. திருத்தறதுக்குள்ள எல்லாரும் அண்ணேன்னுட்டாங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்” என்றார். சுரங்கம் வழியெல்லாம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாராம், நடுநடுவே அண்ணே என்றும் கூப்பிட்டுக்கொண்டு.

உள்ளே வந்ததும் மேஜைமேல் இருந்த கதவைச் சுரங்கம் பார்த்தார். “அட, சாம்பிள் நல்லா இருக்கே! மெயின் லைன் எந்த ரூம்ல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படுக்கையறைக் கதவைத் திறந்தார். அங்கே கட்டிலும் அலமாரியும் காயப்போட்ட துணியும் இருந்தன. குனிந்துதானே போக வேண்டும் என்று நினைவு வந்து குனிந்தும் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ் இருந்தது. மொட்டைமாடிக்கு வழி உண்டா என்று என்னிடம் கேட்டார்.

“இவ்வளவுதான்” என்றார் பல்லுக்காரர். குரல் மிகவும் சின்னதாகிவிட்டது.

“அஞ்சு ஊரும்?”

“இதான் மேல்தாடை. போர்டை மாத்தினா கீழ்த்தாடை. மரத்தையெல்லாம் இந்தப் பக்கம் நகர்த்திட்டா சிங்கப்பல்லூர்.”

சுரங்கம் பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். “கடைவாய் ஜங்ஷனை வைங்க, பார்ப்போம்” என்றார்.

பல்லுக்காரர் பலகையை மாற்றினார். மலையைத் திருப்பினார். முழங்கை பட்டு ஒரு மரம் விழுந்தது, அதை அந்த அம்மாளே எடுத்து நட்டார். பிறகு அந்த அம்மாள் தண்டவாள மட்டத்துக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடினார்.

“இந்த பெஞ்சு... அஞ்சு ஊர்லயும் இதே பெஞ்சா?”

“ஆமாக்கா. ஒண்ணுதான் செஞ்சேன்.”

“இடது கால்ல பெயின்ட் உரிஞ்சிருக்கு. அப்போ அஞ்சு படத்துலயும் உரிஞ்சிருக்கணுமே!”

“உரிஞ்சுதான்க்கா இருக்கு.”

அந்த அம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “போச்சு! ஒரு நூல் தப்பினா என் கண்ணுக்குத் தெரிஞ்சுடும்னு பேக்டரியே நடுங்கும். நான் என்னடான்னா, ஒரே பெஞ்சை அஞ்சு ஊர்ல பார்த்துட்டுக் கோட்டை விட்டிருக்கேனே! தூசியைப் பிடிச்சேன், பசையைப் பிடிச்சேன், பல்லைப் பிடிச்சேன், ஊரைப் பிடிக்கலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அழப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பல்லுக்காரர் ஒரு அடி பின்னால் வைத்தார். அப்புறம்தான் அந்த அம்மாளின் தோள் குலுங்குவதைக் கவனித்தோம். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வர, மூக்குக்கண்ணாடி நழுவிக் குளத்தில் விழ, அப்படி ஒரு சிரிப்பு.

சிரிப்பு தொற்றிக்கொண்டது. அந்தத் தைரியத்தில் சுரங்கம் பிஸ்கட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “நானும் ஒண்ணு சொல்லிடறேன்” என்றார். “என் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. ரயில் ஒரு சாண் உள்ள போய் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் வாலைப் பிடிச்சு வெளியில இழுத்துதான் திரும்ப நுழைப்பேன். அதனாலதான் எப்பவும் நுழையற படமாவே போடறேன்.” பல்லுக்காரருடைய மனைவி சிரித்து இருமி, தண்ணீர் குடிக்க ஓடினார்.

“உங்ககிட்டயாவது சுவர் இருக்கு” என்றார் பூதக்கண்ணாடி. “என்கிட்ட ஒரு பெட்டிகூடக் கிடையாது. நான் பார்க்கற ஆளுதான்.”

“அப்போ ஏன்க்கா எங்க யார் ரயில்லயும் ஏறவே மாட்டேங்கறீங்க?” பல்லுக்காரர் கேட்டேவிட்டார்.

“ஏறிட்டா முடிஞ்சுதே. அடுத்த படத்துக்குப் போயிடணும். தப்புத் தேடற வரைக்கும்தானே ஒரே படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டே இருக்கலாம்? மத்தியானச் சாப்பாட்டு நேரம் பூரா உங்க ஊர்லதான் சுத்திட்டிருப்பேன்.”

பல்லுக்காரர் காதுவரை சிவந்துபோய், விழாத ஒரு மரத்தை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் நட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை ரயில்வே வேலை என்று சொல்வதா, குழந்தைகள் பட்டாளம் என்று சொல்வதா? ஆறாவது ஊர் ஒன்றை உண்டாக்கியே தீர வேண்டும் என்று மூன்று பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். மலையை யார் திருப்புவது என்று தகராறு. சுரங்கம் தன் பருத்த விரலால் பெஞ்சை எடுக்க முயன்று அது எங்கேயோ பறந்துபோய், நான்கு பேர் தரையில் தவழ்ந்து தேடினோம். பிறகு அது பிஸ்கட் டப்பாவுக்குள் கிடைத்தது. டார்ச்சைப் பூதக்கண்ணாடி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், என் சூரியப் பதவி பறிபோயிற்று. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அந்த அம்மாள் பிடித்தால் வெளிச்சம் என்னமோ நன்றாகத்தான் விழுகிறது. ஊருக்கு என்ன பெயர் வைப்பது என்று பற்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தபோது பல்லுக்காரரின் மனைவி குறுக்கிட்டார். “சாப்பாட்டுமேஜை ரோடுன்னு எழுதுங்க. உள்ளதைத்தான் சொல்லுவோமே.” எல்லோரும் கைதட்டினோம். பலகையை அவரே எழுதினார்.

அதற்குள் கைபேசிகள் துடித்துக்கொண்டிருந்தன. குழுவில் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. “போய்ச் சேர்ந்தாச்சா?” “எவ்வளவு பெருசு?” “முழு லேஅவுட்டையும் ஒரு படம் போடுங்க!” சுரங்கம் சத்தமாக வாசித்துவிட்டுக் கண்ணடித்தார். “கவலையே படாதீங்க கார்டு. அஞ்சு ஊரும் பார்த்தோம், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சுன்னு எழுதிடறேன். ஒரு வார்த்தை பொய் இல்லை!”

“நான் மேல்தாடையில ஒரு குறை சொல்லி எழுதறேன். அப்போதான் நம்புவாங்க” என்றார் பூதக்கண்ணாடி. “நம்ம மூணு பேரைத் தாண்டி வெளியில போகாது.” எனக்கும் அது சரியான ஏற்பாடாகத்தான் பட்டது. யாருக்கு என்ன நஷ்டம்?

பல்லுக்காரர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி விருந்தாளிகளுக்குத் தண்ணீர் ஜாடியும் டம்ளர்களும் கொண்டுவந்து, வேறு இடம் இல்லாததால், மேஜை ஓரத்தில் கதவின்மேலேயே வைத்தார். ஜாடி மலையைவிட ஒரு சாண் உயரமாக நின்றது.

அப்போது பல்லுக்காரர் ஒரு நாற்காலியிலிருந்து வானத்தை அவிழ்த்தார். நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். கைபேசியை நேராக, எல்லோரையும்போல நேராகப் பிடித்தார். கீழே கதவு, மேஜை, பிஸ்கட் டப்பா, சுரங்கத்தின் முழங்கை, தரையில் சரிந்த நீல விரிப்பு என்று எல்லாமே திரைக்குள் வந்துவிட்டன. படம் எடுக்கப் போகிறார் என்றதும் மனைவி பழக்கதோஷத்தில் ஜாடியை அப்புறப்படுத்தக் கையை நீட்டினார்.

“இருக்கட்டும், எடுக்காத” என்றார் பல்லுக்காரர்.

பட்டனை அழுத்தினார். பெருசாக்கிப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்காமலேயே படத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.